மாய்வோர் வண்டியில் ஒரு சத்தம்

அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை, ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் பின்னால் போட்டுக்கொண்டு அஸ்ஸார் தன் முன்னாள் மனைவி மாய்வோரின் வீட்டுக்குப் போய் இறங்கியபோது, அவள் வண்டியில் குளிர்காலச் சக்கரங்கள் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தன.

கோடைச் சக்கரங்கள் நான்கும் கழுவித் துடைத்துக் கொட்டகைச் சுவரோரமாக அடுக்கப்பட்டிருந்தன. அஸ்ஸார் அவற்றைப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

மாய்வோர் வாசலுக்கு வந்தாள். "வந்துட்டியா? ஹோகன் நேத்தே மாத்திட்டாரு. உனக்கு ஒரு வேலை மிச்சம்."

"எனக்கு இது பாரமா இருக்குன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. ஏப்ரல்ல உன் இடுப்பு சொல்லுச்சு. எந்திரிக்க முடியாம என் ரோஜாச் செடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே."

உள்ளே போனார். காப்பி குடித்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி அவர் கோப்பையில் பாலாடைக் கட்டியைத் துண்டு போட்டுத்தான் அவள் தந்தாள். அது காப்பியில் ஊறி மெத்தென்று ஆகும்வரைகூட அவர் உட்காரவில்லை. இரண்டாவது கோப்பை வேண்டாம் என்றார். அந்த ஊரில் இரண்டாவது கோப்பையை மறுப்பவர் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை கோபத்தில் இருக்க வேண்டும். மாய்வோர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அஸ்ஸார் மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவர். இருபது வயதில் ஏறி உட்கார்ந்தார், இன்னும் இறங்கவில்லை. காட்டிலிருந்து லிக்செலே நகரத்து மர ஆலைக்கு, ஆலையிலிருந்து காட்டுக்கு. பைன் மரத்துப் பிசின் வாசனை அவர் சட்டையிலிருந்து எந்தச் சலவையிலும் போனதில்லை. ஆறு வருடங்களுக்கு முன் மாய்வோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்: "அஸ்ஸார், நீ வீட்ல இல்லாதப்ப நான் தனியா இருக்கேன். அது சரி. நீ இருக்கும்போதும் தனியாத்தான் இருக்கேன். அதுதான் சரியில்ல." சண்டை எதுவும் வரவில்லை. மகள் ஊமியோ நகரத்திலிருந்து வந்து அழுதாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் இருவரும் களைத்துப்போனார்கள். வீடு அவளுக்கு என்று ஆனது. அவர் பெட்ரோல் பங்குக்கு எதிரே மாடியில் இரண்டு அறை பிடித்துக்கொண்டார்.

டயர் மாற்றும் வேலை மட்டும் பிரிக்கப்படாமல் அப்படியே நின்றது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பிரிந்த வருடமே அக்டோபர் வந்தது, பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர்களை மாட்ட வேண்டிய காலம் வந்தது, அஸ்ஸார் ஜாக்கியோடு போய் நின்றார். ஏப்ரலில் கழற்றப் போனார். அந்த இரண்டு நாட்களும் அவருடையவை. அன்று கொட்டகையின் சாவி எங்கே இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சமையலறை மேசையில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். கைகழுவப் போகிற சாக்கில் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எந்தக் கீல் கிரீச்சிடுகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் அவர் வெறும் முன்னாள் கணவர். டயர் நாட்களில் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்ட ஆள்.

அந்த இடத்தில்தான் ஹோகன் வந்து கை வைத்திருந்தார்.

ஹோகன் தெற்கே கடலோர ஊர்க்காரர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கவும் பாடற்குழுவை நடத்தவும் வந்தவர். மாய்வோர் அந்தக் குழுவில் பாடுபவள். இரண்டு வருடங்களாக வியாழக்கிழமை ஒத்திகை, பிறகு ஒத்திகைக்குப் பின் தேநீர், பிறகு தேநீருக்கு ஒத்திகையே தேவையில்லை என்று ஆகிவிட்டது. அஸ்ஸார் ஒருமுறை தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஹோகனின் கை மேலே போனதும் மாய்வோரின் வாய் திறந்தது. கை கீழே வந்ததும் மூடியது. முப்பது வருடக் குடித்தனத்தில் தான் கையசைத்து அவள் வாயை மூடவைத்ததே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சரி, பாட்டு அவர்களுடையது. அதை விட்டுக்கொடுத்துவிடலாம். டயரை எப்படி விட்டுக்கொடுப்பது? தெற்கத்தி ஆள், அங்கே மழைதான் பெய்யும். ஆணி டயரைக் கையால் தொட்டிருப்பாரா?

நவம்பரில் மாய்வோர் போன் செய்தாள்.

"அஸ்ஸார், வண்டியில ஒரு சத்தம் வருது."

லாரியை ஓரமாக நிறுத்தினார். "எப்படிச் சத்தம்?"

"ஊளை மாதிரி. தூரத்துல மோட்டார் படகு போனா கேக்குமே, அப்படி. வேகமாப் போனா பெருசாகுது."

"ஆணி டயர் தார் ரோட்டுல சத்தம் போடத்தான் செய்யும். பனி விழட்டும், அடங்கிடும்."

"எனக்கு ஆணிச் சத்தம் தெரியாதா? இந்த ஊர்லதானே பொறந்தேன். இது வேற. டயரா என்னன்னே புரியல. நீ வந்து பாரு. ஹோகனும் நீ வந்து பாத்தா தேவலன்னாரு."

ஹோகனும் சொன்னாராம். அஸ்ஸார் லாரியைக் கிளப்பினார். ஆலைக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு மனது லேசாக இருந்தது. போல்ட் தளர்வாக இருக்கும். அல்லது துருவைச் சுரண்டாமல் மாட்டியிருப்பார், சக்கரம் நேராக உட்கார்ந்திருக்காது. காற்றுக்கூட அடித்திருக்க மாட்டார். ஒவ்வொரு குற்றமாக எடுத்து, வாயில் மிட்டாய் போட்டுக்கொள்வதுபோல் நாக்கில் உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் போனார். ஹோகன் வாசலிலேயே நின்றிருந்தார். உயரமான மனிதர், நீண்ட விரல்கள், கையால் பின்னிய குல்லாய். அந்தக் குல்லாயின் பின்னல் யாருடையது என்று அஸ்ஸாருக்குத் தெரியும்.

"வாங்க அஸ்ஸார். நீங்க முன்னாடி உக்காருங்க, நான் பின்னாடி ஏறிக்கறேன்."

அஸ்ஸார் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கால் எங்கேயோ போயிற்று. இருக்கை பின்னுக்குத் தள்ளி, உயரமான ஆளின் கால்களுக்கு ஏற்ப வைக்கப்பட்டிருந்தது. முன்னால் இழுக்கும் கம்பியைத் தேடினார். கம்பியின் இடம் அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்று கை அதைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

மாய்வோர் ஓட்டினாள். ஊரைத் தாண்டி, ஏரிக்கரைப் பழைய தார்ச்சாலையில் அறுபதில் போனதும் சத்தம் வந்தது. அஸ்ஸார் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் சொன்னது சரிதான். ஆணிகள் தட்டும் சரசரப்புக்கு அடியில் கனமாக ஓர் உறுமல். முன்னாலா பின்னாலா, இடமா வலமா என்று பிடிபடவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

"எண்பதுக்குப் போ," என்றார்.

போனாள். கியரைக் குறைக்கச் சொல்லி, எஞ்சினைக் கத்தவிட்டுப் பார்க்கலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அறுபதுலேர்ந்து எண்பதுக்குப் போனா சுருதி நாலு படி ஏறுது. கியரை மாத்தினா மாறல. நேத்தே பாத்தேன். அப்ப எஞ்சின் இல்ல, சுத்தற ஏதோ ஒண்ணுதான். இல்லையா?"

அஸ்ஸார் தான் சொல்ல இருந்ததை விழுங்கினார். "சுருதியெல்லாம் எனக்குத் தெரியாது."

"வார்த்தைதான் வேற. நீங்களும் அதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

மாய்வோர் மூச்சை உள்ளே இழுத்து 'ஷூப்' என்றாள். அந்தப் பக்கத்தில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அது யாருக்கான ஆமாம் என்று தெரியாமல் அஸ்ஸார் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார்.

"ரோட்ல யாரும் இல்ல. லேசா இடது வலதுன்னு வளைச்சு ஓட்டு," என்றார். "பேரிங் போயிருந்தா, எடை ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாறும்."

அவள் வளைத்தாள். சத்தம் மாறவில்லை. பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. இது ஹோகனுக்குத் தெரியாத சங்கதி. அஸ்ஸாருக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

"ஆலைப் பக்கம் போ. அங்க கோடையில புதுசாத் தார் போட்டிருக்கான்."

புதுத் தாரில் ஏறியதும் உறுமல் பாதியாக அடங்கியது. அது முடிந்து பழைய தார் வந்ததும் மறுபடியும் எழுந்தது. ரோடு மாறினால் சத்தம் மாறுகிறது. வளைத்தால் மாறவில்லை.

"டயர்தான்," என்றார் அஸ்ஸார். "பேரிங் இல்ல. வீட்டுக்கு விடு, தூக்கிப் பாத்துடலாம்."

டயர் என்றால், தப்பு மாட்டியவருடையது. வீடு வரும்வரை அந்த எண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் முதலில் போல்ட்டுகளைச் சோதித்தார். தன் சொந்த ஸ்பேனரால், ஒவ்வொன்றாக. எல்லாம் இறுக்கமாக, ஒரே அளவாக இருந்தன. ஒன்றாவது தளர்ந்திருக்கக் கூடாதா என்று கடைசி போல்ட்டில் அவர் மனம் ஏங்கியது. அந்தச் சக்கரத்தின் மேல்தான் மாய்வோர் தினமும் போய் வருகிறாள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது, காது சூடாகியது.

முன்பக்கச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மெல்லிசாக எண்ணெய்ப் பசை தடவியிருந்தது. அஸ்ஸாரே இத்தனை சுத்தமாகச் செய்ததில்லை.

"பழுது ஒண்ணும் இல்லையா?" என்றார் ஹோகன், பக்கத்தில் குந்தி.

"பொறுங்க."

கையுறையைக் கழற்றிவிட்டு டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழு. மறுபக்கமாகத் தடவினால் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தது. தேய்ந்த டயர் அப்படித்தான் இருக்கும். ஆனால் பிடிக்கிற திசை தப்பாக இருந்தது. டயரை நிமிர்த்திப் பக்கவாட்டில் பார்த்தார். எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி இந்த வகை டயர் ஒவ்வொன்றிலும் அச்சாகியிருக்கும். கழற்றிய பக்கத்தை யோசித்து, அம்பைப் பார்த்து, இன்னொரு தடவை யோசித்தார். எழுந்துபோய் மற்ற மூன்றையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அம்பு பின்னாடி பாக்குது," என்றார். தேவைக்குச் சற்று அதிகமாகவே சத்தமாகச் சொன்னார். "நாலும் தலைகீழா உருளுது. இடது பக்கத்துது வலதுல, வலது பக்கத்துது இடதுல. அதான் ஊளை. இப்படியே ஓட்டினா ஆணியெல்லாம் பிடுங்கிக்கிட்டுப் போயிடும்."

மாய்வோர் ஹோகனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அஸ்ஸாருக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்கள் அது தன் மேல் விழுந்த பார்வை. இன்று வேறு ஒருவர் மேல் விழுவதைப் பார்க்க இதமாக இருந்தது.

"பாத்தேன்," என்றார் ஹோகன்.

"என்ன பாத்தீங்க?"

"அம்பைப் பாத்தேன். இடிச்சுது. ஆனா சக்கரத்துக்கு உள்பக்கம் நீங்க சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தீங்களே, இடது முன், வலது முன்னு. அதன்படி மாட்டினேன். இத்தனை வருஷம் லாரி ஓட்டறவர், இந்த வண்டியப் பத்தி ஏதோ தெரிஞ்சுதான் எழுதியிருப்பார்னு நினைச்சேன். அம்பை நம்பறதா உங்களை நம்பறதான்னு யோசிச்சு உங்களை நம்பினேன்."

அஸ்ஸார் சக்கரத்தைப் புரட்டினார். அவர் எழுத்துதான். சாய்ந்த, அழுத்தமான எழுத்து. இடது முன். வண்டியின் இடது முன்பக்கத்திலிருந்துதான் கழற்றியிருந்தார். அம்போ பின்னால் பார்த்தது.

பிறகு, ஏப்ரலில் செய்ததுபோல், நடந்துபோய் வண்டிக்கு எதிரே நின்றார். அதன் இரண்டு விளக்குகளையும் பார்த்தபடி நின்றுகொண்டு, தன் இடது கையை நீட்டினார். கை வண்டியின் வலது சக்கரத்தைக் காட்டியது.

தினமும் காலையில் லாரியைக் கிளப்புமுன் அவர் அப்படி எதிரே நின்றுதான் சோதிப்பார். அவருடைய இடது என்பது அந்த இடதுதான். அவரே கழற்றி, அவரே எழுதி, அவரே மாட்டியவரை உலகத்தில் யாருக்கும் அதனால் கேடில்லை.

மாய்வோருக்கு முதலில் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உலகத்துல எல்லாரும் ஓட்டற சீட்ல உக்காந்து இடது வலது சொல்லுவாங்க. நீ வண்டிக்கு எதிர்ல நின்னு சொல்லியிருக்க. மோதப் போற மான் மாதிரி."

"எனக்கு அது பழக்கம்."

"பழக்கம்தான். உன் பழக்கத்தை ஒரு தடவையாவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்."

"தப்பு என்னோடதுதான்," என்றார் ஹோகன். "கண்ணுக்கு முன்னாடி அம்பு இருந்துச்சு. போன் பண்ணிக் கேட்டிருக்கணும்."

அஸ்ஸாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்த ஆள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். சிரித்திருந்தால் முறைத்திருக்கலாம். தன் எழுத்தை நம்பிய ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாய்வோர்கூட அவர் எழுதியதை அப்படி நம்பியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

இருவருமாகச் சக்கரங்களை மாற்றினார்கள். ஹோகன் தூக்கிப் பிடித்தார், அஸ்ஸார் முடுக்கினார். இடையில் ஒரு முறை, "பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று அஸ்ஸார் கேட்க, ஹோகன் மூச்சை உள்ளே இழுத்து 'ஷூப்' என்றார். தெற்கத்தி ஆள் அதைக்கூடக் கற்றுக்கொண்டிருந்தார், அதுவும் மாய்வோர் செய்வதுபோலவே, கடைசியில் சின்ன விசில் சேர்த்து. அஸ்ஸார் போல்ட்டை வேண்டியதற்கு மேல் ஒரு முறுக்கு அதிகமாக முறுக்கினார். பிறகு தளர்த்திச் சரி செய்தார்.

காப்பிக்கு உட்கார்ந்தபோது மாய்வோர் சொன்னாள்: "ஏப்ரல்ல ரெண்டு பேரும் தொட வேண்டாம். லிக்செலேல டயர் கடைக்காரன்கிட்டயே குடுத்துடப் போறேன். அவனே கழட்டிக் கழுவி அடுக்கி வெச்சுப்பான். காலம் வந்தா போன் பண்ணிக் கூப்பிடுவான்."

ஹோகன் தலையசைத்தார். அவருக்கு அதில் இழக்க என்ன இருக்கிறது?

அஸ்ஸார் கோப்பைக்குள் பார்த்தார். பாலாடைக் கட்டி ஊறிக் கிடந்தது. "கடைக்காரப் பசங்க அவசரத்துல போல்ட்டை மிஷின் வெச்சு முறுக்குவானுங்க," என்றார்.

"முறுக்கட்டும்."

"அப்ப நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

மாய்வோர் அவர் கோப்பையை நிரப்பினாள். இந்த முறை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "நீ சும்மாவே வரலாமே அஸ்ஸார்," என்றாள்.

"சும்மாவா?"

"சும்மாத்தான். மனுஷங்க வர்றதில்லையா?"

மனுஷங்க வருவார்கள். அஸ்ஸாருக்கு அது வராது. கையில் ஸ்பேனர் இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது? பனி விழுந்தது. லாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார், மாய்வோர் வீட்டுத் திருப்பம்வரை போவார், அங்கே வேகத்தைக் குறைப்பார், நேராகப் போய்விடுவார். அந்த வீட்டின் புகைபோக்கியில் புகை வரும். ஜன்னலில் விளக்கு எரியும். உள்ளே இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார். நினைத்தபடியே பெட்ரோல் பங்குக் கடையில் ஒரு சாசேஜ் வாங்கி நின்றபடி தின்றுவிட்டு மாடிக்கு ஏறுவார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, அந்தத் திருப்பத்தில் அவர் கை தானாகத் திருப்பிவிட்டது. முற்றத்தில் ஹோகன் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். மாய்வோர் ஜன்னலில் தெரிந்தாள். இனி திரும்பிப் போக முடியாது. அஸ்ஸார் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன அஸ்ஸார்?"

சாக்குத் தேடி அஸ்ஸார் ஸ்டீயரிங்கைத் தட்டினார். பிறகு சொன்னார்: "என் வண்டியில ஒரு சத்தம். டயர்ப் பக்கம். நீங்க கொஞ்சம் கேட்டுப் பாக்கறீங்களா?"

சத்தம் எதுவும் இல்லை. வாரம் தவறாமல் அவரே தொட்டுத் தடவிப் பார்க்கிற வண்டி அது. ஹோகன் பனி வாரியைக் குத்தி நிறுத்திவிட்டுக் குல்லாயைக் கழற்றியபடி ஏறி உட்கார்ந்தார். ஏரிச் சாலையில் போனார்கள். மிதித்து இறுகிய பனியின் மேல் ஆணிகளின் சீரான முணுமுணுப்பு மட்டும் கேட்டது. ஹோகன் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லட்டும், அப்படியா என்று கேட்டுக்கொண்டு, திரும்பிப் போய்க் காப்பி குடிக்கலாம் என்பதுதான் அஸ்ஸாரின் கணக்கு.

"பின்னாடி," என்றார் ஹோகன் கண்ணைத் திறக்காமல். "வலது பக்கம். உக்காந்து பாக்கறப்ப வலது."

"என்ன பின்னாடி?"

"மெல்லிசா ஒரு தட்டு. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு தட்டு."

"அங்க ஒண்ணும் இல்ல."

"மெதுவாப் போங்க."

அஸ்ஸார் மெதுவாகப் போனார். கண்ணாடியை முழுவதும் இறக்கினார். குளிர் கன்னத்தில் அறைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஆள் நமக்கு மரியாதை செய்கிறேன் என்று பொய் சொல்கிறான் என்று நினைத்தார். நினைத்த அந்த நொடியிலேயே கேட்டது. தொம். சற்று இடைவெளி. தொம்.

தன் வண்டி. தன் டயர். தன் காது இருந்தும், இவ்வளவு நாளும் அது கேட்காமல் ஓட்டியிருக்கிறார்.

"எத்தனை நாளா வருது?" என்று ஹோகன் கேட்டார்.

"கொஞ்ச நாளாத்தான்," என்றார் அஸ்ஸார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓட்டறது ஆபத்து இல்லையே? தூக்கிப் பாத்துடலாமா? கொட்டகையில ஜாக்கி இருக்கு."

"என்கிட்டயே இருக்கு," என்று சொல்லிவிட்டு, அஸ்ஸார் வண்டியை மாய்வோரின் வீட்டுப் பக்கமாகத் திருப்பினார்.